தனியாக இருக்கும் அம்மாவுக்கு ரோபோ வாங்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கு 79 வயது. குடியாத்தத்தில், ஒரு காலத்தில் கைத்தறி ஓடிய அதே வீட்டில் தனியாக இருக்கிறார்கள். சர்க்கரை இருக்கிறது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். போன கார்த்திகையில் பாத்ரூமில் விழுந்தார்கள், நல்ல காலம் எலும்பு முறியவில்லை. நினைவு தெளிவாக இருக்கிறது. நீங்கள் வெளிநாட்டில். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் மூன்று மாதம்கூட நிற்பதில்லை. "ஜப்பானில் ரோபோ வைத்துப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறார்களே, காசு பெரிய விஷயமில்லை, அப்படி ஒன்று வாங்கலாமா, எதை வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வேலூரில் 24 வருடமாக பிசியோதெரபி செய்கிறேன். அதில் பாதிக்கு மேல் வீடு வீடாகப் போய்ச் செய்த வேலை. காட்பாடி, கே.வி.குப்பம், பள்ளிகொண்டா, குடியாத்தம் என்று பாலாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய், படுக்கையில் விழுந்தவர்களை உட்கார வைப்பது, உட்கார்ந்தவர்களை நிற்க வைப்பது. அதனால் கடை விளம்பரத்தில் வராத சில விஷயங்களைச் சொல்ல முடியும்.

முதலில் நேரடியான பதில். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு, அவர்களை முழுசாகப் பார்த்துக்கொள் என்று ஒப்படைக்கக்கூடிய ரோபோ இன்றைக்கு எந்தக் கடையிலும் இல்லை. ஜப்பானிலும் இல்லை. அதற்காக இயந்திரமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சரியான இடத்தில் வைத்த இயந்திரம் ஒரு குடும்பத்தையே காப்பாற்றியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாங்குவதற்கு முன்னால் அது யாருக்கு என்று தெளிவாக வேண்டும். உங்கள் விஷயத்தில், வாங்கப்போகும் கருவியில் பாதி அம்மாவுக்கு, மீதிப் பாதி அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண்ணுக்கு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கடைசியில் புரியும்.

ஜப்பான் கதையை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் நம்பிக்கை அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அங்கே நூற்றுக்கு 29 பேர் 65 வயது தாண்டியவர்கள். 2000-லேயே முதியோர் பராமரிப்புக்கென்று தனிக் காப்பீடு கொண்டுவந்துவிட்டார்கள். 2012-ல் அந்த அரசாங்கம், பராமரிப்பு ரோபோக்களை எந்தெந்த வேலைக்கு முதலில் உருவாக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டது: ஆளைத் தூக்கி மாற்றுவது, நடக்கத் துணை செய்வது, கழிப்பறை உதவி, மறதி நோய் உள்ளவர்களைக் கண்காணிப்பது. பிறகு குளியலும் சேர்ந்தது. பராமரிக்கிறவரின் இடுப்பை உடைக்கிற வேலைகளும் ராத்திரித் தூக்கத்தைப் பறிக்கிற வேலைகளும்தான் அதில் முதலில் வந்தன. ஆறுதல் சொல்வது அதில் முதலிடம் பெறவில்லை.

நீங்கள் போட்டோவில் பார்த்திருப்பீர்கள், வெள்ளைக் கரடி முகத்தோடு ஒரு ரோபோ ஒரு பெண்ணை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்கும். அதன் பெயர் ரோபேர். ஜப்பானின் ரிக்கென் ஆராய்ச்சி நிறுவனம் 2015-ல் காட்டியது. எடை 140 கிலோ. அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது, ரோபோ மட்டும் கடைக்கு வரவே இல்லை. ஒரு மனிதரைக் கையில் ஏந்தும்போது சாய்ந்துவிடாமல் இருக்க இயந்திரத்துக்குக் கனம் வேண்டும், அகலமான அடித்தளம் வேண்டும். கனமும் அகலமும் கூடினால் அது வீட்டுக்குள் திரும்பாது. குடியாத்தத்தில் உங்கள் வீட்டு நிலைப்படியையும் இரண்டடிப் பாத்ரூம் கதவையும் நினைத்துப் பாருங்கள்.

ஜேம்ஸ் ரைட் என்ற மானுடவியல் ஆய்வாளர் ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் பல மாதம் இருந்து, ரோபோக்கள் வந்தபோது என்ன நடந்தது என்று பார்த்து எழுதியிருக்கிறார். ஆளைத் தூக்கும் கருவியை ஊழியர்கள் சில நாளிலேயே ஓரம் கட்டினார்கள். அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போவதிலேயே நேரம் போனது. பெப்பர் என்ற பேசும் ரோபோ முன்னால் நின்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும். ஆனால் பக்கத்தில் ஓர் ஊழியரும் நின்று அதே மாதிரி கையைத் தூக்கிக் காட்டினால்தான் பெரியவர்கள் செய்தார்கள். வேலை குறையவில்லை, வேறு வேலையாக மாறியது. படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒரு கருவியை வீட்டில் இறக்கியதும் அதை யார் தள்ளுவது, யார் சார்ஜ் போடுவது, யார் துடைப்பது என்ற கேள்வி உடனே வரும். அதற்குப் பதில் இல்லாத வீட்டில் அது ஒரு மாதத்தில் துணி காயப்போடும் இடமாகிவிடும்.

ஆனால் தூக்கும் கருவி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த இல்லத்தில் ஒரு கருவி, பல அறைகள். வீட்டில் ஒரு கருவி, ஒரு கட்டில். அதனால் கணக்கு மாறுகிறது. ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளிகொண்டா பக்கத்தில் ஒரு பெரியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கச் செயலிழந்துவிட்டது. நல்ல உடம்பு, 80 கிலோவுக்குக் குறையாது. மனைவி எழுபது வயசு, நாற்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். மருமகள் காலையில் ஷூ கம்பெனி வேனில் போனால் ராத்திரிதான் வருவாள். பகல் முழுக்க அந்த அம்மாதான் அவருடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நாற்காலியில் வைப்பார்கள். பக்கவாதம் வந்த கையை அப்படித் தூக்கவே கூடாது. தோள்பட்டையைத் தாங்கும் தசை தளர்ந்திருக்கும், இழுத்தால் மூட்டு கீழே இறங்கிவிடும். அவருக்கு இறங்கியும் இருந்தது. அந்த அம்மாவுக்கோ முதுகெலும்பில் விரிசல். படுக்கையில் இருக்கிறவரைப் பார்க்கப் போன நான், அந்த வீட்டில் இரண்டு நோயாளிகளைப் பார்த்தேன்.

வாடகைக்கு ஒரு பேஷன்ட் லிஃப்ட் எடுக்கச் சொன்னேன். இதில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. நான்கு சக்கரம், ஒரு கம்பம், ஜாக்கி மாதிரி கையால் அடிக்கிற பம்பு, தொட்டில் மாதிரி ஒரு துணி. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, துணியை அடியில் செருகி, நான்கு மூலையையும் கொக்கியில் மாட்டி, பம்பை அடித்தால் ஆள் மெதுவாக மேலே வருவார். முதல் நாள் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நல்லா இருக்கிற இடது கை கொக்கிப் பட்டையை விடவே இல்லை. நான் பம்பை அடித்தேன், அந்த அம்மாவை அவர் பாதத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். நாற்காலியில் இறங்கியதும் அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கவில்லை. கை சும்மா இருந்தது. அந்தக் கையால் அவர் வேட்டியைச் சரிசெய்தார்கள், கடைவாயில் வழிந்ததை முந்தானையால் துடைத்தார்கள், பிறகு எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்கள். "இவரு மூஞ்ச எதிர்ல ஒக்காந்து பாத்து எத்தினி நாளாச்சு" என்றார்கள். அதுவரைக்கும் தூக்குவது, வைப்பது, மறுபடி தூக்குவது என்றே நாள் முழுக்கப் போயிருக்கிறது.

கருவிகளை எடைபோட நான் வைத்திருக்கிற அளவுகோல் அந்த வீட்டில்தான் கிடைத்தது. இயந்திரம் மிச்சப்படுத்திய நேரத்தில் ஒரு மனிதர் இன்னொருவரின் எதிரில் வந்து உட்கார்ந்தார் என்றால் அது நல்ல இயந்திரம்.

நம் பக்கத்திலேயே இதற்கு இன்னொரு உதாரணம் இருக்கிறது. சோளிங்கர் மலைக்கு ஆயிரத்து முந்நூறு படி. முழங்கால் போனவர்கள் டோலியில் போக வேண்டும், இல்லையென்றால் அடிவாரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். 2024-ல் ரோப்கார் வந்த பிறகு என் நோயாளிகளில் எத்தனையோ பேர் பல வருடம் கழித்து யோக நரசிம்மரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கும்பிடுகிற வேலையை ரோப்கார் எடுத்துக்கொள்ளவில்லை. படி ஏறுகிற வேலையை மட்டும் எடுத்துக்கொண்டது.

ரோபோ என்று உண்மையாகவே சொல்லத்தக்க ஒன்று வேலூரிலேயே பிறந்திருக்கிறது. பலருக்குத் தெரியாது. சிஎம்சி மருத்துவமனையும் சென்னை ஐஐடி-யும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ. பக்கவாதம் வந்தவர்களின் மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் பயிற்சி தருகிற, மேஜைமேல் வைக்கக்கூடிய சின்னக் கருவி. ஒரே ஒரு மோட்டார். அதில் மாட்டுகிற கைப்பிடியை மாற்றினால் மணிக்கட்டை மடக்கி நீட்டலாம், கையைப் புரட்டலாம், விரலை விரிக்கலாம். திரையில் ஒரு விளையாட்டு ஓடும், நோயாளி கையை அசைத்தால் அது நகரும். இந்த இடத்தில் ரோபோ என்னைவிடச் சிறந்தது என்று மனசாரச் சொல்வேன். மூளை ஒரு அசைவைத் திரும்பக் கற்றுக்கொள்ள அதை நூற்றுக்கணக்கான தடவை செய்ய வேண்டும். நான் ஒரு வீட்டில் முக்கால் மணி நேரம் இருந்தால் முப்பது நாற்பது தடவை செய்ய வைப்பேன், அதற்குள் எனக்கும் அலுப்பு, அவருக்கும் அலுப்பு. இயந்திரத்துக்கு அலுப்பு கிடையாது. அதே சமயம், கை எந்த அளவு வலிக்கிறது, இன்றைக்கு ஏன் முகம் வாடியிருக்கிறது, ராத்திரி மகனோடு சண்டையா என்று பார்க்க ஆள் வேண்டும்.

இது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1948-ல் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கியது வேலூரில்தான். உணர்வற்ற பாதங்களுக்குப் புண் வராமல் காக்கும் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பும் இந்த வட்டாரத்து வேலையோடு சேர்ந்து வளர்ந்ததுதான். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் 1966-ல் வந்தது. இவர்கள் எல்லோருமே நோயாளியின் கையையும் காலையும் வீட்டையும் பார்த்துவிட்டுத்தான் கருவியைப் பற்றி யோசித்தார்கள். நீங்களும் அந்த வரிசையிலேயே யோசியுங்கள்.

இப்போது பேசுகிற, கொஞ்சுகிற ரோபோக்கள். நீங்கள் "அம்மாவுக்குப் பேச்சுத்துணை" என்று எழுதியிருந்ததால் சொல்கிறேன். இதில் மிகவும் ஆராயப்பட்டது பாரோ. வெள்ளை சீல் குட்டி மாதிரி இருக்கும், இரண்டே முக்கால் கிலோ. தடவினால் கண் சிமிட்டும், குரல் கொடுக்கும். தகனோரி ஷிபாட்டா என்ற ஜப்பானிய விஞ்ஞானி உருவாக்கினார். விலை சுமார் 6,000 டாலர். ஆஸ்திரேலியாவில் மறதி நோய் உள்ள 415 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு இயங்கும் பாரோ, ஒரு குழுவுக்கு இயக்கத்தை நிறுத்திவைத்த அதே பொம்மை, ஒரு குழுவுக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். இயங்கும் பாரோவை வைத்திருந்தவர்கள் அதை அதிகம் பார்த்தார்கள், அதனோடு அதிகம் பேசினார்கள், முகத்தில் மகிழ்ச்சியும் கொஞ்சம் கூடியது. ஆனால் பதற்றத்தை அளக்கும் வழக்கமான கேள்விப்பட்டியலில் மூன்று குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சும்மா இருந்த பொம்மையும் சிலவற்றில் உதவியது. மறதி முற்றிய ஒருவருக்கு மடியில் வைத்துக்கொள்ள மெத்தென்ற ஏதோ ஒன்று ஆறுதல் தரும் என்பது உண்மை. அதற்கு ஐந்து லட்சம் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ரைட் பார்த்த இல்லத்தில் ஒரு பாட்டி பாரோ பக்கத்தில் இல்லாமல் சாப்பிடவும் தூங்கவும் மறுத்துவிட்டார்.

தென்கொரியாவில் ஹியோடோல் என்ற பேசும் பொம்மையைத் தனியாக வாழும் முதியவர்களுக்கு உள்ளூர் நிர்வாகங்கள் கொடுக்கின்றன. நியூயார்க் மாநிலம் எல்லிக்யூ என்ற மேஜை ரோபோவை 2022 முதல் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்தது. மாத்திரை நேரத்தை நினைவூட்டும், சௌக்கியமா என்று கேட்கும். இவையெல்லாம் அவரவர் மொழியில், அவரவர் பேச்சு வழக்கில் பேசுகின்றன. அந்தப் பேச்சு வழக்கில்தான் நமக்குச் சிக்கல். கூகுளுக்குத் தமிழ் புரியும். ஆனால் எந்தத் தமிழ்? உங்கள் அம்மாவை எதிர் வீட்டுக்காரர் "இன்னாக்கா, துன்னியா?" என்று கேட்பார். குடியாத்தத்தில் பாதித் தெரு வீட்டுக்குள் தெலுங்கு பேசும், பேரணாம்பட்டில் உருது. எண்பது வயசில் பல் இல்லாத வாயிலிருந்து தமிழும் தெலுங்கும் கலந்து வருகிற வார்த்தையை, பக்கத்தில் டிவி ஓடும்போது, இயந்திரம் பிடிப்பது கஷ்டம். நான் போகிற வீடு ஒன்றில் பேரன் கொண்டுவந்து வைத்த ஸ்பீக்கரிடம் ஒரு ஆயா நான்கு தடவை ஒரே விஷயத்தைக் கேட்டார்கள். பதில் வரவில்லை. ஐந்தாவது தடவை குரலைத் தாழ்த்தி, "எனக்குத்தான் பேசத் தெரில போல" என்றார்கள். அறுபது வருடம் பீடிக்கடை முதலாளியிடம் கணக்குத் தவறாமல் பேசிக் கூலி வாங்கியவர்கள் அவர்கள். அந்த வாக்கியம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. அவர்களுக்குப் பேசும் பொம்மை வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் தினமும் ஒரே நேரத்தில் போன் செய்யுங்கள். அம்மா சமையல் ஆன பிறகு, அவசரம் இல்லாத நேரமாகப் பார்த்து.

சரி, அம்மாவுக்கு உண்மையில் ஆபத்து எங்கே? ராத்திரி இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில். 65 வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒரு தடவையாவது விழுகிறார். என் நோயாளிகளில் விழுந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான்: சிறுநீர் முட்டியது, லைட் போடவில்லை, எழுந்ததும் தலை சுற்றியது, பாத்ரூம் வாசலில் தடுக்கியது. விழுவதைவிட மோசமானது விழுந்த பிறகு எழ முடியாமல் கிடப்பது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால் அழுந்திய தசை சிதைய ஆரம்பிக்கும், அது சிறுநீரகத்தைப் பாதிக்கும், உடம்பில் நீர் வற்றும், புண் வரும்.

அதனால் காசு செலவழிக்கும் வரிசையை இப்படி வையுங்கள். முதலில் கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு சேர், ராத்திரிக்கு மட்டும். அம்மா வெட்கப்படுவார்கள், காலையில் யார் கழுவுவது என்பார்கள், அதற்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் பேசுங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஆள் நகர்ந்தால் தானே எரிகிற சென்சார் லைட். பாத்ரூமில் உட்கார்ந்து எழும் இடத்தில் சுவரில் துளை போட்டுப் பதித்த கைப்பிடி, ஒட்டுகிற ரகம் வேண்டாம். கட்டில் உயரம், உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுசாகப் படுகிற மாதிரி. நீர் பிரிய வைக்கும் மாத்திரை, பிரஷர் மாத்திரை எந்த நேரத்தில் போடுகிறார்கள் என்று டாக்டரிடம் ஒரு தடவை கேளுங்கள், நேரத்தை மாற்றினாலே ராத்திரி எழுவது குறையலாம். இதற்கெல்லாம் ஆகிற மொத்தச் செலவு ஒரு நல்ல செல்போன் விலைகூட வராது.

அடுத்ததுதான் கண்காணிப்புக் கருவி. மெத்தைக்கு அடியில் வைக்கிற சென்சார் உண்டு, எழுந்தவர் இவ்வளவு நேரமாகத் திரும்பிப் படுக்கவில்லை என்றால் தகவல் அனுப்பும். விழுந்தால் கண்டுபிடிக்கும் வாட்ச் உண்டு. கழுத்தில் மாட்டும் அவசரப் பட்டன் உண்டு. பட்டனில் ஒரு சிக்கல், நிறைய பேர் அதைக் குளிக்கப் போகும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள், விழுவது குளிக்கும் இடத்தில். அதனால் உடம்பில் எதையும் மாட்டத் தேவையில்லாத சென்சாரைத்தான் நான் முதலில் சொல்வேன். கேமரா வேண்டாம். படுக்கை அறையிலும் பாத்ரூமிலும் வேண்டவே வேண்டாம்.

சென்சார் அடித்ததும் அது உங்கள் போனில் ஒலிக்கும். அப்போது நீங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பீர்கள். பதறி என்ன செய்வீர்கள்? பத்து நிமிடத்தில் வீட்டுக்குள் போகக்கூடிய ஒருவர் கையில் சாவி இருக்க வேண்டும். அவர் யார் என்று முடிவு செய்யாமல் சென்சார் வாங்காதீர்கள். எதிர் வீட்டுக்காரரோ, தெரு முனைக் கடைக்காரரோ, இரண்டு பேராக வையுங்கள். "உதவி" என்று விட்டுவிடாமல் மாதம் ஒரு தொகை கொடுங்கள். வாங்க மறுப்பார்கள், அவர்கள் பிள்ளைகளின் படிப்புச் செலவாகவாவது கொடுங்கள். இன்வெர்ட்டரில் வைஃபை பெட்டியையும் சேர்த்து மாட்டுங்கள், கரண்ட் போன ராத்திரியில் சென்சார் ஊமையாகிவிடக் கூடாது. வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை, கத்திரி சமயத்தில் பேட்டரிக் கருவி எதையும் ஓட்டுக்கூரைக்கு அடியில் வைக்காதீர்கள்.

சக்கரத்தில் நகரும் வீடியோ ரோபோ பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு கம்பத்தின் தலையில் டேப்லெட், நீங்கள் அங்கிருந்து ஓட்டினால் இங்கே வீட்டுக்குள் நகரும். காட்பாடியில் ஒரு மகன் தன் அம்மாவுக்கு அப்படி ஒன்று அனுப்பியிருந்தார். அன்புதான் காரணம், அதில் சந்தேகமே இல்லை. ஒருநாள் நான் போனபோது அது சுவரைப் பார்த்து நின்றது, மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தது. என்னம்மா என்று கேட்டேன். குளித்துவிட்டு வந்து புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது அது தானாக நகர்ந்து அறைக்குள் வந்து, "அம்மா" என்று கூப்பிட்டிருக்கிறது. "மவனே ஆனாலும் கதவத் தட்டாம வரலாமா?" என்றார்கள். அன்றைக்கே மகனுக்குப் போன் செய்து பேசினேன். அழைப்பு வந்தால் அம்மா தொட்டு எடுத்தால்தான் திரை எரிய வேண்டும், கூடத்தைத் தாண்டி வரக்கூடாது என்று மாற்றிவைத்தார். அதற்குப் பிறகு துண்டு போனது. ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னால் உட்கார்ந்து மகனுக்கு வடகம் பிழிவதைக் காட்டுகிற அளவுக்கு அது அந்த வீட்டுப் பொருளானது. மாறியது கருவி இல்லை, அந்த அம்மாவின் சம்மதம். எதை வாங்கினாலும் வாங்குவதற்கு முன்னால் அம்மாவிடம் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் ஏன் என்று கேளுங்கள், வற்புறுத்தாதீர்கள். இருபது வருடம் உங்களுக்காக முடிவெடுத்தவர்கள், தன் அறையைப் பற்றிய முடிவையாவது அவர்களே எடுக்கட்டும்.

கடைசியாக ஆள் விஷயம். மூன்று மாதத்தில் ஓடிவிடுகிறார்கள் என்று எழுதினீர்கள். இந்த வேலைக்கு வரும் பெண்களை எனக்குத் தெரியும், பலருக்கு எப்படித் தூக்குவது என்று நானே கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனி வேன் ஊருக்குள் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அங்கே வேலை நேரம் உண்டு, ஞாயிறு லீவு உண்டு, பி.எஃப். உண்டு. உங்கள் வீட்டில் அவருக்கு ராத்திரித் தூக்கம் இல்லை, வார லீவு இல்லை, இடுப்பு போகிறது. யாராக இருந்தாலும் போய்விடுவார்கள். தமிழ்நாட்டில் 60 தாண்டியவர்கள் 2021 கணிப்பின்படி நூற்றுக்கு 13.6, கேரளாவுக்கு அடுத்தபடி நாம்தான். 2031-ல் 18.2 ஆகும் என்று கணித்திருக்கிறார்கள். இந்த வேலைக்கு ஆள் தேவை கூடிக்கொண்டேதான் போகும். அதனால்தான் ஆரம்பத்தில் அப்படிச் சொன்னேன். ராத்திரி சென்சார் விழித்திருந்தால் அந்தப் பெண் தூங்கலாம். கமோடு சேரும், பிற்பாடு தேவைப்பட்டால் லிஃப்ட்டும் இருந்தால் அவர் இடுப்பு தப்பிக்கும். வாரம் ஒருநாள் லீவும், அன்றைக்கு மாற்று ஆளும் கொடுங்கள். ரோபோவுக்கென்று ஒதுக்கிய பணத்தில் பெரும் பங்கு இதற்குப் போகட்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். தேவைப்பட்டால் பிசியோவும் வருவார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைப் பதியச் சொல்லுங்கள். முதியோர் உதவி எண் 14567, காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை. பெரிய எழுத்தில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டுங்கள், அதன் கீழே சாவி வைத்திருப்பவர் நம்பரை இன்னும் பெரிதாக எழுதுங்கள்.

வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவரை எந்த ரோபோவுக்கும் ஆர்டர் போடாதீர்கள். வந்ததும் ஒரு ராத்திரி அம்மா அறையிலேயே தரையில் பாய் போட்டுப் படுங்கள். இரண்டு மணிக்கு அவர்கள் எழுந்தால் உடனே ஓடிப்போய்ப் பிடிக்காமல், இரண்டடி தள்ளிப் பின்னாலேயே போங்கள். எதைப் பிடித்து எழுகிறார்கள், எந்தக் கால் முதலில் தரையில் ஊன்றுகிறது, சுவரில் எந்த இடத்தில் கை வைக்கிறார்கள், திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது. காலையில் அந்த இடங்களில் சாக்பீஸால் குறி போட்டு, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். கைப்பிடி எங்கே, லைட் எங்கே, சென்சார் எங்கே என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.